எல்லோரும் சொன்ன ஒரே பதில்

அடுத்த வாரம் முதல்முறையாகக் களத்துக்குப் போகிறீர்கள். போவதற்கு முன்னால் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள்: ஆள்கள் சொல்லும் பதிலை எப்போது நம்பலாம், எப்போது நம்பக் கூடாது? எத்தனை பேரைக் கேட்பது, சராசரி எப்படிப் பார்ப்பது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதைப் பற்றிப் பேச நான் வரவில்லை. மலாயாவில், கிள்ளானுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். அதில் உங்கள் கேள்விக்குப் பதில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். ரப்பர் விலை விழுந்து, எழுந்திருக்கும் அறிகுறியே இல்லாமல் கிடந்தது. தோட்டங்கள் ஒவ்வொன்றாக மரம் சீவிப் பாலெடுக்கும் பால்வெட்டை நிறுத்தின. வேலை போன தமிழர்கள் கோலாலம்பூர் சாலைகளில் குடும்பம் குடும்பமாக நடந்து போவதை பிரிக்பீல்ட்ஸில் என் அறை வாசலிலிருந்தே பார்க்கலாம். விவசாயப் பொருளாதாரத்தை ஆராயும் சின்ன அரசாங்கப் பிரிவு ஒன்றில் நான் களக் கிராணி, அதாவது களத்தில் விவரம் எழுதும் குமாஸ்தா. எனக்கு மேலே ஒரு வெள்ளைக்கார ஆய்வதிகாரி. கெட்ட மனிதர் அல்ல. அவசரக்காரர். பற்றவைக்காத புகையிலைச் சுங்கானைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசுவார். எதிராளி பேசி முடிக்கும்வரை அதை வாயிலிருந்து எடுக்கமாட்டார். எடுத்துவிட்டாரென்றால் அவர் கோபப்படப் போகிறார் என்று பொருள்.

அரசாங்கத்தின் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. வேலையில்லாதவர்களை அரசுச் செலவில் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவது ஒன்று. தரிசாகக் கிடக்கும் நிலத்தைக் கொடுத்து உணவுப் பயிர் செய்யவிடுவது மற்றொன்று. அரிசி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. ரப்பர் விற்றால்தான் அரிசி என்றிருந்த நாடு, ரப்பர் விற்காதபோது எதைத் தின்னும் என்ற கேள்வியைச் சிலராவது கேட்கத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் அதிகாரி அவர்களில் ஒருவர். ஆனால் முடிவெடுக்கும் கமிட்டியில் பெரும்பாலோருக்குக் கப்பல்தான் சுலபமாகத் தெரிந்தது. "அவர்கள் விரும்பித்தான் போகிறார்கள்" என்று ஒரு வரி எங்கள் அறிக்கையில் இருந்துவிட்டால் போதும், கமிட்டிக்கு மனச்சாட்சியின் தொல்லை இருக்காது.

சில தோட்டங்களில் விசாரித்துவிட்டு, கடைசியாக அந்தத் தோட்டத்துக்குப் போனோம். நாங்கள் விசாரிக்க எடுத்துக்கொண்டவற்றில் அதுதான் பெரியது. மறுநாள் காலை கமிட்டி கூடுகிறது. சாயங்கால ரயிலில் திரும்பி, அதிகாரி முடிவை எழுதிக்கொடுக்க வேண்டும்.

பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் வேலைக்கு ஆள் பிரித்துவிடும் மைதானத்தில், எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். எனக்கு ஒரு மேசை, நாற்காலி. என் நாற்காலிக்குப் பின்னால், நிழல் என்மேல் விழுகிற தூரத்தில், பெரிய கங்காணி நின்றார். தலைப்பாகை, கோட்டு, கையில் குடை. அதிகாரி மேனேஜரோடு ஆபீஸ் வராந்தாவுக்குப் போய்விட்டார்.

முதல் ஆளைக் கூப்பிட்டேன். பேர், வயது, குடும்பம் எல்லாம் கேட்டுவிட்டு, "இங்கேயே இருக்க ஆசையா, ஊருக்குத் திரும்ப ஆசையா?" என்றேன்.

"ஊருக்கே போறோம் சாமி."

அடுத்தவர். "ஊருக்கே போறோம் சாமி." அதற்கடுத்து கைக்குழந்தையோடு ஒரு பெண். அவளும் அதேதான். சேலத்துக்காரரும் அதையே சொன்னார், தஞ்சாவூர்க்காரரும் அதையே சொன்னார். சொல்லில் மாற்றமில்லை, இழுப்பிலும் மாற்றமில்லை.

மற்றத் தோட்டங்களில் இந்தக் கேள்விக்குப் பதில் வாங்குவதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிடும். ஒருவர் மாமனார் சண்டையைச் சொல்வார். ஒருவர் ஊரில் விட்டுவந்த நிலத்தைச் சொல்வார். ஒருவர் அழுவார். "நீங்க சொல்லுங்க ஐயா, போகலாமா?" என்று என்னையே திருப்பிக் கேட்பவர்கள் பாதிப் பேர். இங்கே கேள்வி முடியுமுன்னே பதில் வந்து விழுந்தது. வேலை வேகமாக நடக்கிறது என்று முதலில் சந்தோஷப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம். அந்தச் சந்தோஷம் சந்தேகமாக மாறியது காளியப்பன் என்ற ஆள் என் முன்னால் வந்து நின்றபோதுதான்.

இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். நல்ல உயரம். பிறந்த இடம் எது என்று கேட்டதற்கு, "இந்தத் தோட்டந்தான்" என்றார். அப்பா, அம்மா? இரண்டு பேரும் தோட்டத்துச் சுடுகாட்டிலேயே. இந்தியாவைப் பார்த்ததுண்டா? இல்லை.

"சரி. இருக்க ஆசையா, போக ஆசையா?"

"ஊருக்கே போறோம் சாமி."

"எந்த ஊருக்கு?"

அவர் என் தலைக்கு மேலே பார்த்தார், கங்காணி நின்ற பக்கம். பிறகு தரையைப் பார்த்தார்.

"எல்லாரும் போற ஊருக்கு" என்றார்.

பேனாவை மூடி வைத்தேன். கங்காணி குனிந்து, "ஏன் ஐயா நிறுத்திட்டீங்க? எல்லாம் பேசி முடிவாயிருச்சு. நீங்க எழுதிக்கிட்டுப் போனாப் போதும்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். குடையைப் பிடித்திருந்த கை மட்டும் இறுகியிருந்தது.

தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து, நேராக ஆபீஸ் வராந்தாவுக்குப் போனேன். மேனேஜர் உள்ளே தொலைபேசியில் இருந்தார். அதிகாரியிடம் தாழ்ந்த குரலில் சொன்னேன்: "சார், இன்றைக்கு வாங்கிய பதில்களை உபயோகிக்க முடியாது."

சுங்கான் பல்லிலேயே இருந்தது. "பொய் சொல்கிறார்கள் என்கிறாயா?"

"இல்லை சார். நான் கேட்கும் கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லவில்லை. வேறு யாரோ வேறு ஏதோ கேட்டிருக்கிறார்கள். அதற்குச் சொல்கிறார்கள்."

"என்ன கேள்வி?"

"தெரியாது சார்."

சுங்கானை எடுத்துவிட்டார். "நாளைக் காலை கமிட்டி. என் கிராணிக்கு ஏதோ சரியாகப் படவில்லை என்று அங்கே போய்ச் சொல்லட்டுமா? கப்பல்தான் வேண்டும் என்பவர்கள் சிரிப்பார்கள். நிலம் கொடுங்கள் என்று நான் ஒருவன் பேசுவதும் அதோடு போய்விடும்." பிறகு கொஞ்சம் தணிந்து, "ரயிலுக்கு முன்னால் எனக்கு ஒரு காரணம் கொண்டுவா. இல்லையென்றால் அவர்கள் சொன்னதைத்தான் எழுதுவேன். வேறு வழியில்லை" என்றார்.

அவர் சொன்னது நியாயம். அநியாயமாகப் பேசியிருந்தால் கோபமாவது துணைக்கு வந்திருக்கும்.

தோட்டத்தில் அந்நியன் ஒருவன் தனியாக நடக்க முடியாது. எங்கே திரும்பினாலும் யாராவது பார்ப்பார்கள். தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்களின் பக்கம் போனேன். கதவுகள் சாத்தியிருந்தன, எல்லோரும் களத்தில். கடைசி லயத்தின் தண்ணீர்க் குழாயடியில் ஒரு பெண் மட்டும் அவசர அவசரமாகக் கால் கழுவிக்கொண்டிருந்தாள். முழங்கால் வரைக்கும் கறுப்புச் சேறு.

நாள்கணக்கில் மழையில்லை. தோட்டத்து மண் செம்மண். வேலையோ நின்றுபோன வேலை. அந்தக் கறுப்புச் சேற்றையே நான் பார்த்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்துவிட்டாள். சேலையை இறக்கிவிட்டாள்.

"யாரும்மா நீ?"

"அஞ்சலை. காளியப்பன் பொஞ்சாதி."

"எங்கேயிருந்து வர்றே?"

"சும்மா ஆத்துப்பக்கம்."

கேள்வி கேட்கப் போகிறவன் எதற்காகக் கேட்கிறான் என்பதைச் சொல்லக் கூடாது, சொன்னால் பதில் கோணிவிடும் என்று எங்களுக்கு விதி. உங்களுக்கும் அதே விதிதான். நல்ல விதி. அன்றைக்கு அதை உடைத்தேன். இன்னொரு முறை அந்தக் குழாயடியில் நின்றாலும் உடைப்பேன். ஏற்கெனவே கோணிப்போன பதிலை அந்த விதியால் காப்பாற்ற முடியாது.

"இதோ பாரும்மா. நாளைக்குக் கோலாலம்பூர்ல ஒரு கூட்டம். நீங்க எல்லாரும் ஆசைப்பட்டுத்தான் கப்பலேறுறீங்கன்னு அங்க எழுதிக் குடுக்கப் போறோம். உன் வீட்டுக்காரரும் அப்படித்தான் சொல்லியிருக்காரு. அது நெசமா?"

"கூட்டத்துக்கா? கங்காணி அப்படிச் சொல்லலியே."

"என்ன சொன்னாரு?"

"போறோம்னு சொன்னாத்தான் கப்பல் வர்ற வரைக்கும் அரிசி. இருக்கோம்னு சொல்றவங்க இன்னைக்கே லயத்தைக் காலி பண்ணணும்னாரு. அரிசிக்குத்தான் பேர் எழுதுறாங்கன்னு நெனச்சோம்."

கிடைத்துவிட்டது காரணம். ஆனால் அது ஒரு பெண்ணின் வாய்ச்சொல். கங்காணி மறுப்பார், மேனேஜர் தோளைக் குலுக்குவார், அதிகாரி கடிகாரத்தைப் பார்ப்பார். அவள் கால்களையே மறுபடி பார்த்தேன். "ஆத்துப்பக்கம் என்ன இருக்கு?"

அவள் குழாயை மூடினாள். பிறகு, "வாங்க" என்றாள்.

பால்மரங்களைத் தாண்டி, எல்லைக் கால்வாயில் போட்டிருந்த ஒற்றை மரக்கட்டை மேல் நடந்து, புதருக்குள் நுழைந்தோம். மறுபக்கம் வெட்டவெளிக்கு வந்ததும் நின்றுவிட்டேன். ஆற்றோரச் சதுப்பு அது. அதற்கு முந்தைய வாரம்தான் எங்கள் அதிகாரி வரைபடத்தில் அதன்மேல் விரலை வைத்து, "வடிகால் வெட்டாமல் இங்கே ஒன்றும் விளையாது" என்றிருந்தார். வடிகால் வெட்டியிருந்தது. மண்வெட்டியால், கையால், நேர் நேராக. மேட்டுப் பாத்திகளில் மரவள்ளி இடுப்பளவு நின்றது. கத்தரி, மிளகாய், கீரை. ஒரு குடும்பத்தின் வேலையல்ல. கண்ணுக்கெட்டிய மட்டும் பாத்திகள். பின்னால் ஆற்றுப் பக்கம், ஒரு முழ உயரத்தில் தென்னங்கன்றுகள் வரிசையாக.

ஊருக்குப் போகிறவர்கள் கீரை விதைப்பார்கள். மரவள்ளி நடக்கூட நடுவார்கள். தென்னை நடமாட்டார்கள்.

நான் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்ததுதான் தாமதம், அஞ்சலை என் கையைப் பிடித்துவிட்டாள். அந்தக் காலத்தில் ஒரு தோட்டத்துப் பெண் ஆபீஸ்காரன் கையைப் பிடிப்பது சாதாரண விஷயமில்லை.

"எழுதாதீங்க ஐயா. எழுதினா பிடுங்கிப் போட்டுடுவாங்க. கங்காணிக்கே இது தெரியாது."

இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த இடம். எழுதினால் இந்தப் பயிரைப் பிடுங்குவார்கள். எழுதாவிட்டால் இவர்களையே பிடுங்கிக் கப்பலில் ஏற்றுவார்கள். என் கையில் இருந்த ஒரே சாட்சி, அவர்கள் ஒளித்து வைத்திருந்த ஒரே சொத்து. அதை எடுத்துக்காட்ட எனக்கு என்ன உரிமை? காட்டாமல் இருக்க என்ன உரிமை? யோசிக்க நேரம் இருந்திருந்தால் யோசித்திருப்பேன். பின்னால் புதர் சலசலத்தது.

முதலில் வந்தது குடை. பிறகு கங்காணி. அவருக்குப் பின்னால் மேனேஜர், எங்கள் அதிகாரி, களத்தில் உட்கார்ந்திருந்த ஆள்கள் பாதிப் பேர். கங்காணி என்னைத் தேடித்தான் வந்திருக்கிறார். பாத்திகளைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கிலிருந்தே அவருக்கு இது தெரியாது என்பது தெரிந்தது.

மேனேஜர், ஓடிவந்து பாத்தியோரத்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நின்ற காளியப்பனைப் பார்த்து, அதைக் காட்டி, தோட்டத் தமிழில் கத்தினார்: "எல்லாம் பிடுங்கு! இப்போ! எல்லாம்!"

யாரும் அசையவில்லை. காளியப்பன் கையில் மண்வெட்டி இருந்தது. அதை அவர் பிடித்திருந்த விதம் மண் வெட்டுகிற விதமாக இல்லை. மேனேஜரும் அதைப் பார்த்தார். ஒரு அடி பின்னால் வைத்தார். ஒரு வார்த்தை தவறாக விழுந்தால் அங்கே இரத்தம் சிந்தும், அதற்குப் பிறகு எந்தக் கமிட்டிக்கும் எந்த அறிக்கையும் தேவைப்படாது என்று எனக்குத் தோன்றியது.

அப்போது எங்கள் அதிகாரி பாத்திக்குள் இறங்கினார். மினுக்கிய பூட்ஸ் சேற்றில் புதைந்தது. வடிகாலை எட்டிப் பார்த்தார். ஒரு மரவள்ளியின் அடியில் விரலால் மண்ணைக் கிளறி முகர்ந்தார். என்னிடம் திரும்பி, "அந்தப் பெண்ணைக் கேள். யாரிடம் அனுமதி வாங்கினார்கள்?" என்றார்.

கேட்டேன். அஞ்சலை நேராக அவரைப் பார்த்துப் பதில் சொன்னாள்: "யாரையும் கேக்கல. கேட்டா வேணாம்னுதானே சொல்லியிருப்பாங்க?"

மொழிபெயர்க்க வேண்டியது நான். கொஞ்சம் பணிவு சேர்த்து, "மன்னிக்க வேண்டுகிறாள்" என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொல்லும்படி கங்காணி என்னைக் கண்ணாலேயே கெஞ்சினார். அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

அதிகாரியின் சுங்கான் இடமிருந்து வலத்துக்கு நகர்ந்தது. சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. மேனேஜரிடம், "உங்கள் எல்லைக்கல் கால்வாய்க்கு அந்தப் பக்கம் நிற்கிறது. இது ஆற்றோர அரசாங்க நிலம். பிடுங்கச் சொல்ல உங்களுக்கு அதிகாரம் இல்லை" என்றார். மேனேஜர் சிவந்துபோய், "அப்படியானால் இவர்கள் அரசாங்க நிலத்தைத் திருடியவர்கள்" என்றார். "இருக்கலாம்" என்றார் அதிகாரி.

நான் நடுவே புகுந்தேன். "சார், அந்தக் கேள்வியை மாற்றிக் கேட்க அனுமதி கொடுங்கள். இங்கேயே."

தலையை அசைத்தார். கங்காணியை என் பின்னால் நிற்கவிடாமல், எல்லோரும் பார்க்கும்படி என் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். அரிசிக்கும் இந்தக் கேள்விக்கும் சம்பந்தமில்லை என்று அவர் வாயாலேயே சொல்லவைத்தேன். மேனேஜர் காதில் விழும்படி அவர் சொன்னார். குரல் கம்மிப்போயிருந்தது. அவரும் பயந்தவர்தான். மேனேஜர் கைவிட்டால் கங்காணிக்கு வேலை எது? எல்லோரும் போவதைத்தான் மேலிடம் விரும்பும் என்று அவராகவே நினைத்து, கேட்குமுன்பே அதைச் செய்துகொடுத்துவிட்டார்.

பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கேட்டேன்: "அடுத்த மழைக்கு இங்க என்ன நடப் போறீங்க?"

பதில்கள் கொட்டின. வாழை என்றார் ஒருவர். இந்த மண்ணுக்கு வாழை வராது, அழுகிவிடும் என்றார் இன்னொருவர். அஞ்சலை சேம்பு என்றாள். நெல்லு போட்டுப் பாக்கணும் என்று ஒரு குரல், உப்புத்தண்ணி ஏறுற எடத்துல நெல்லா என்று ஒரு எகத்தாளம். கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஒருவர், "நான் ஒண்ணும் நடலீங்க. எனக்கு ஊர்ல அம்மா கண்ணு தெரியாமக் கெடக்கு. என்னை மட்டும் கப்பல்ல ஏத்திவிட்ருங்க, புண்ணியமாப் போகும்" என்றார். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

தமிழ் தெரியாத அதிகாரி அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டு நின்றார். "என்ன சொல்கிறார்கள்?"

"ஆளுக்கொன்று சொல்கிறார்கள் சார். இன்றைக்கு இதுதான் முதல் தடவை."

அதிகாரியோடு சாயங்கால ரயிலில் திரும்பினேன். அவர் பூட்ஸில் சேறு காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. கோலாலம்பூரை நெருங்கி, பங்சார் தாண்டும்போது, காலையில் நான் எழுதிய தாள்களைக் காட்டி, "இவற்றைக் கிழித்துவிடலாமா?" என்றார். வேண்டாம் என்றேன். எப்படி வாங்கிய பதில்கள் இவை என்பதையும் மேலே எழுதி வைத்துவிடுவோம், பார்ப்பவர் தெரிந்துகொள்ளட்டும். சரி என்றார். கமிட்டிக்கு அவர் எழுதியதில் "விரும்பித்தான் போகிறார்கள்" என்ற வரி இல்லை. போக விரும்புகிறவர்களை அனுப்பலாம், இருக்க விரும்புகிறவர்களுக்கு அந்தச் சதுப்பில் பயிர் செய்ய அனுமதி தரலாம் என்று எழுதினார்.

இங்கே நிறுத்தினால் இது வெற்றிக் கதை. நிறுத்த முடியாது.

கமிட்டி பேசியது. தள்ளிப்போட்டது. மறுபடி பேசியது. கடைசியில் ஒரே ஒரு பருவத்துக்கு மட்டும் பயிர் அனுமதி என்று உத்தரவு வந்தது. அதற்குள் தோட்டத்தில் அரிசி நின்றுவிட்டது. பெரட்டுக் களத்தில் எல்லோரும் போகிறோம் என்று சொன்னதை மேனேஜர் மறக்கவில்லை. லயத்தைக் காலி செய்து, லோரிகளில் ஏற்றி, கிள்ளான் துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திருப்போர் தங்கும் டிப்போவுக்கு அவர்களை அனுப்பிவிட்டார். உத்தரவு எங்கள் மேசைக்கு வந்த காலையில் கப்பல் துறையில் நின்றுகொண்டிருந்தது.

அதிகாரி காய்ச்சலில் படுத்திருந்தார். உத்தரவை எடுத்துக்கொண்டு நான் ரயிலேறினேன். துறைமுகத்தில் இறங்கி ஓடியபோது டிப்போ காலி. எல்லோரும் கப்பல் படிக்கட்டின் அடியில், மூட்டைகளோடு, வெயிலில்.

டிப்போ மேற்பார்வையாளர் ஒரு தமிழர்தான். கழுத்து வரை பட்டன் போட்ட வெள்ளைக் கோட்டு. உத்தரவைப் படித்துவிட்டுச் சொன்னார்: "தானா வர்றவங்களை எறக்கிக்கலாம். நான் தடுக்கமாட்டேன். ஆனா படிக்கட்டைத் தூக்குறதுக்குள்ள. அவங்களை வற்புறுத்தக் கூடாது. ஆசை காட்டவும் கூடாது. பார்த்துக்கிட்டே நிப்பேன்."

ஏற ஆரம்பித்துவிட்டார்கள். நான் ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று, உத்தரவில் இருந்ததை உரக்கச் சொன்னேன். ஆற்றோரத்தில் பயிர் செய்துகொள்ளலாம், ஒரு பருவத்துக்கு, யாரும் பிடுங்கமாட்டார்கள். குடியிருக்க லயம் கிடையாது, குடிசை போட்டுக்கொள்ள வேண்டும். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் கேட்காதது போல மேலே ஏறினார்கள். கண் தெரியாத அம்மாவைச் சொன்னவர் மேல்தட்டிலிருந்து எனக்குக் கும்பிடு போட்டார்.

காளியப்பனும் அஞ்சலையும் படிக்கட்டில் பாதி தூரம் ஏறியிருந்தார்கள். அஞ்சலை நின்றாள். பின்னால் வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு ஏறினார்கள்.

"இந்தப் பருவத்துக்கு அப்புறம்?" என்று மேலேயிருந்து கேட்டாள்.

அவர்கள் இறங்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதை மறைக்கமாட்டேன். இறங்கினால்தான் அந்தச் சதுப்பில் பயிர் தொடரும், தொடர்ந்தால்தான் அடுத்த வருஷம் கமிட்டியிடம் கேட்க ஒரு முகம் இருக்கும். "நீட்டிச்சுக் குடுப்பாங்கம்மா" என்று ஒரு வார்த்தை போதும். அதிகாரியும் அப்படித்தான் நம்பினார். மேற்பார்வையாளர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் என்னைத் தடுத்தது அவர் அல்ல. அவள் கேட்டது உண்மையான கேள்வி. அந்தத் தோட்டத்தில் அத்தனை நாளும் அவர்களுக்கு யாரும் உண்மையான பதில் சொன்னதில்லை.

"தெரியாதும்மா" என்றேன்.

"உங்களுக்கே தெரியாதா?"

"யாருக்கும் தெரியாது. நீட்டிக்கலாம், நீட்டிக்காமலும் போகலாம்."

காளியப்பன் அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். அந்தப் படிக்கட்டில் அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எனக்குக் கேட்கவில்லை. கப்பல்காரர்கள் கீழேயிருந்து சத்தம் போட்டார்கள், ஏறு, இல்லாவிட்டால் இறங்கு என்று. மேலே கயிற்றை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார்கள். அப்புறம் காளியப்பன் தலையிலிருந்த மூட்டையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு திரும்பினார். ஏறுகிற கூட்டத்தை விலக்கிக்கொண்டு, ஒரு கையால் கைப்பிடியையும் ஒரு கையால் அஞ்சலையையும் பிடித்து இறங்கி வந்தார். அவர்களைப் பார்த்து இன்னும் சில குடும்பங்கள் இறங்கின. நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவு.

படிக்கட்டைத் தூக்கினார்கள்.

அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது. இவர்களை இந்தியா வரைக்கும் கொண்டுபோக அரசாங்கம் ஏற்பாடு செய்திருந்தது. துறைமுகத்திலிருந்து ஆற்றோரத்துக்குத் திரும்பப் போக ஒருவரும் ஏற்பாடு செய்யவில்லை. உத்தரவு எழுதியவர்களுக்கு அது தோன்றவில்லை. அறிக்கை எழுதிய எங்களுக்கும் தோன்றவில்லை. "அதுக்கென்ன ஐயா, நடக்கலாம்" என்றாள் அஞ்சலை. கிள்ளான் சடக்கில், சாலையோரமாக நடந்தோம். ஒரு குழந்தையை நான் தூக்கிக்கொண்டேன்.

அந்த அனுமதி நீட்டிக்கப்பட்டதா, அவர்கள் அதற்கப்புறம் என்ன ஆனார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். ஒரு முறை நீட்டித்தார்கள். அடுத்த முறை நீட்டிக்கவில்லை. அதற்குள் ரப்பர் விலை ஏறி, தோட்டமே ஆள் கேட்டு அனுப்பியது. சிலர் போனார்கள், சிலர் கிள்ளான் சந்தையான பாசாரில் காய்கறி விற்கப் போனார்கள். அஞ்சலையும் காளியப்பனும் எந்தப் பக்கம் போனார்கள் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. அந்தக் காலையில் அவர்களை இறக்கியது சரியா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. தெரியாததைத் தெரியும் என்று சொல்லி இறக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

அன்று நாங்கள் சடக்கில் கொஞ்ச தூரம் போயிருப்போம். பின்னால் கப்பல் ஊதியது. நீளமாக, இரண்டு முறை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்று எழுத எனக்கு ஆசைதான். எல்லோரும் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.